பதினோராவது இழுப்பு

ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தவனிடம் பாடத் தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். பாடத் தெரியாதவர்களைப் பற்றிக் கேளுங்கள், சாப்பாடு தண்ணி இல்லாமல் சொல்வேன். மைக்கைக் கண்டால் போதும், தாலி கட்டி முடித்த மாப்பிள்ளைக்குக்கூடத் தொண்டை அரிக்கும். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் கடை நடத்திய காலத்தில் கல்யாணம், காதுகுத்து, மீலாது, மாதா கோவில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறேன். ஒருவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி இன்னொருவர் கையில் கொடுப்பதுதான் என் தொழிலில் பாதி. கையில் திணித்த மைக்கை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தவர் என்று யோசித்தால் ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அது காசிமேட்டில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நாலைந்து பேர் அவரை இழுத்துக்கொண்டு வந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். "ஒரு பாட்டு உடு அண்ணாத்தே! வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று ஒரே கூச்சல். அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். குனிந்து மணமேடைக்கு அடியில்கூடப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இன்னாத்த இழுக்கணும் பாய்?"

பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் ஜாக்கிரதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. கலாசிக் கூட்டத்தில் அவரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். கலாசி என்றால் கனச் சாமான் நகர்த்துகிறவர்கள். துறைமுகத்தில் கிரேன் இருக்கலாம், ரயில் கூட்ஸ் ஷெட்டில் கிரேன் இருக்கலாம். அங்கிருந்து பாய்லரோ, பர்மாத் தேக்கு மரமோ, இரும்புத் தொட்டியோ தண்டையார்பேட்டைச் சந்துக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் இருபது ஆளும் ஒரு வடமும் ஒரு குரலும் வேண்டும். அந்தக் குரல்தான் அவர். அது இனிமையான குரல் என்று நான் சொன்னால் நரகத்துக்குத்தான் போவேன். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருக்கும்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமைக்கு அடியில் வரிசையாக உருளைக் கட்டைகள். முன்னால் இருபது பேர் வடத்தைத் தோளில் போட்டு, சுமைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக் குனிந்து நிற்பார்கள். சுமை ஒரு அடி நகர்ந்தால் பின்பக்கம் ஒரு உருளை வெளியே வரும். உருளைக்காரன் அதை எடுத்து ஓடிப் போய் முன்பக்கம் சுமைக்கு அடியில் சொருகுவான். அவன் கையை எடுத்த பிறகுதான் அடுத்த இழுப்பு. உருளைக்காரன் ஏழுமலை, அவருடைய சொந்தத் தம்பி. அவர் பக்கவாட்டில், இருபது பேரும் தெரிகிற மாதிரி, தம்பியின் கையும் தெரிகிற மாதிரி ஒரு இடத்தில் நிற்பார். பாட்டில் ஒரு அடி பாடுவார். கொஞ்சம் பொறுப்பார். "ஏலே..." என்பார். இருபது பேரும் "ஐலசா!" என்று இழுப்பார்கள்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது பாட்டில் இல்லை, தம்பி கையில் இருந்தது.

பாடுகிற அடியும் மனப்பாடம் கிடையாது. எதிரில் யார் தென்படுகிறார்களோ அவர்களை வைத்து அந்த நிமிஷம் வருவதுதான். ஒருநாள் நான் ரயில்வே பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து வந்தது:

"பாலத்து மேலே நிக்கிற பாயி
பீடிய அணைச்சிட்டு கை குடு பாயி... ஏலே..."

இருபது பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். நான் பீடியை அணைத்துவிட்டேன். கை கொடுக்கத்தான் போகவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பெரிய மரம் பாதி தூரம் வந்திருந்தது. அவர் ஒரு அடியைப் பாடி "ஏ..." என்று வாய் திறந்தவர் 'லே' சொல்லாமல் மூடிக்கொண்டார். இருபது பேரும் குனிந்தது குனிந்தபடி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஏழுமலை மட்டும் குனிந்து, உருளைக்கும் மரத்துக்கும் நடுவில் சுருண்டு கிடந்த ஒரு நாய்க்குட்டியைப் பின்கழுத்தில் பிடித்துத் தூக்கி ஓரமாக விட்டான். அவர் மறுபடி அதே அடியை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வேலை முடிந்ததும் டீக்கடையில் கேட்டேன். "நிறுத்துன்னு ஒரு வார்த்த கத்தக் கூடாதாண்ணே? அம்மாம் நேரம் பேசாம நின்னீங்களே."

"கத்துனா அவனுங்களுக்கு இன்னா கேக்கும்?" என்றார். "சத்தம் கேக்கும். முதுகக் காட்டிக்கினு கீறவனுக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான் பாய். சத்தம் கேட்டா இழுப்பான். சத்தம் நின்னாத்தான் நிப்பான்."

அதனால்தான் அவர் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வடம் தோளில் இருக்கும்போது ஒரே ஒரு தொண்டைதான் பேச வேண்டும். காலில் ஆணி குத்தினாலும் மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. 'நில்' என்பதற்கு அவர்களிடம் சொல் கிடையாது. அண்ணாத்தே வாயை மூடினால் அதுதான் 'நில்'.

இந்தப் பழக்கம் அவரை வீடுவரைக்கும் துரத்தியது. அவருடைய மனைவி ஒருமுறை என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "போதும்னு வாயால சொல்ல மாட்டாரும்மா. எதுனா பேசிக்கினே துன்னுவாரு. பேச்ச நிறுத்திட்டாருன்னா நான் கரண்டிய வெச்சிடணும். ஒருநாளு யோசனையில கவனிக்காம போட்டுக்கினே கீறேன், அந்த மனுசன் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் துன்னுகினு கீறாரு."

இப்படிப்பட்ட மனிதரின் குரலைப் பிடித்துத் தட்டில் அடைத்தவன் நான்தான்.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்களே, அதில் பேச்சைத் தட்டில் பதிகிற மெஷின் ஒன்று கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. மெழுகு பூசின மாதிரி ஒரு கறுப்புத் தட்டு சுழலும், ஊசி அதைக் கீறிக்கொண்டே போகும், நூல் நூலாகச் சுருள் கிளம்பும். அந்தத் தெருவில் அப்படி ஒரு மெஷின் என் ஒருவனிடம்தான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற ஆளையெல்லாம் "ஒரு வார்த்தை பேசுங்க" என்று உட்காரவைத்துவிடுவேன். அந்தப் பெருமையைக் கலாசிகளுக்கு வேலை கொடுக்கிற காண்ட்ராக்டரிடமும் அடித்துக்கொண்டேன். அங்கேதான் வினை.

காண்ட்ராக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராயபுரம் மரக்கிடங்கில் ஒரு வேலை, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்குப் பாய்லர்களைக் கொண்டு சேர்க்கிற வேலை, இரண்டும் ஒரே சமயத்தில் அவர் தலையில் விழுந்திருந்தது. ஆட்களை இரண்டாகப் பிரிக்கலாம், அண்ணாத்தேயைப் பிரிக்க முடியுமா? வேறு ஒருவன் பாடினால் அந்த ஆட்கள் இழுக்க மாட்டார்கள். கால் எடுக்கவே பயப்படுவார்கள். காண்ட்ராக்டர் என் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏன் வே பாய், அந்த மனுசன் தொண்டையை இந்தத் தட்டுக்குள்ள அடைச்சிரலாமா? இங்கன ஒண்ணு பாடட்டும், அங்கன ஒண்ணு பாடட்டும்."

"அடைச்சிடலாம் அண்ணாச்சி" என்றேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் எனக்கு.

அண்ணாத்தே முதலில் முடியாது என்றார். காண்ட்ராக்டர் எண்ணூரிலிருந்து வேறு கூட்டத்தைக் கொண்டுவந்துவிடுவேன் என்று சொன்ன பிறகு ஆட்களே அவரிடம் கெஞ்சினார்கள். ஏழுமலைக்கு நெட்டுக்குப்பத்தில் பெண் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் உட்கார முடியாது என்று அவனும் அண்ணனைப் பிடித்து உலுக்கினான். "சரி உடு, பாட்றேன்" என்று ஒருநாள் காலையில் ஆறு ஆட்களோடும் தம்பியோடும் என் கடைக்கு வந்தார்.

வந்தவர் மைக்கைப் பார்த்தார். கல்யாண வீட்டில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நான் யோசித்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த இரும்புத் தூணில் வடத்தைக் கட்டச் சொன்னேன்.

"தூணு வராதே பாய்."

"வர வேணாம்ணே. நீங்க பாடினாப் போதும்."

சோறில்லாத தட்டில் கை வைத்துச் சாப்பிடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். ஆனாலும் ஆட்கள் வடத்தைத் தோளில் போட்டதும் அவர் கால் தானாக நகர்ந்து தன் இடத்தில் போய் நின்றது. "உருளை?" என்றார். உருளைக் கட்டைக்கு நான் எங்கே போவேன்? காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. ஏழுமலை அதை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எடுத்து எடுத்து வைத்தான். அவர் அவன் கையைப் பார்த்துக்கொண்டே பாடினார். காலி டின்னுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்தான் பொறுத்தார். இதை அப்போது நான் கவனிக்கவில்லை. தட்டில் சுருள் ஒழுங்காகக் கிளம்புகிறதா என்பதில்தான் என் கண் இருந்தது.

தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்துநாலு இழுப்பு பதிந்தது. வரவே வராத தூணைக் கேலி செய்து பாடினார், என் மெஷினைக் கேலி செய்து பாடினார். பதினோராவது அடி தம்பிக்கு:

"நெட்டுக்குப்பத்து மாப்புள்ள வாரான்
மாலைய உட்டுட்டு டின்னோட வாரான்..."

ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பும் தட்டில் ஏறிவிட்டது. அடி, சிரிப்பு, "ஏலே". இதுதான் வரிசை.

போட்டுக் காட்டினேன். ஆட்கள் குதித்தார்கள். "மெய்யாலுமே அண்ணாத்தேதான்! இருமல்கூட வுயுது பாரு!" அவர் அசையாமல் நின்று கேட்டார். பிறகு குழாய்க்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"இவன் யாரப் பாத்துப் பாட்றான் பாய்?"

"உங்க கொரல்தாண்ணே அது."

"கொரலு என்துதான். பாக்குறது யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் வைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாளிலிருந்து திருவொற்றியூரில் நானும் என் கிராமபோன் பெட்டியும் பேட்டரியும் குழாயும் போய் உட்கார்ந்தோம். பத்துப் பேர் இழுத்தார்கள். உருளைக்கு ஏழுமலை. தட்டு முடிந்தால் ஊசியைத் தூக்கி மறுபடி ஆரம்பத்தில் வைப்பேன். வெயில் காய்ந்த கட்டாந்தரை. சுமையும் சின்னது. எல்லாம் அழகாக நடந்தது. ஒரே சங்கடம், பத்துப் பேர் ஒரு பாய்லரை வியர்க்க வியர்க்க இழுத்துக்கொண்டிருப்பார்கள், குழாய் "தூணு வருமா மாமு, தூணு வருமா?" என்று அங்கே இல்லாத தூணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் நாள் ஆட்கள் சிரித்தார்கள். மூன்றாவது நாள் ஒருவன் என்னிடம் வந்து, "பாய், அந்த அடிய மட்டும் எடுத்துடேன், ஒருமாரி கீது" என்றான். எடுக்க முடியாது என்று சொன்னேன்.

சாயங்காலம் ராயபுரத்துக்குத் திரும்பினால் ஆட்கள் அவரிடம், "இன்னிக்கு சோக்கா பாடினே அண்ணாத்தே" என்பார்கள். பழக்கதோஷம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.

நடுவில் ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். அன்றைக்குத் திருவொற்றியூர் வேலையை நிறுத்திவிட்டு மரக்கிடங்கில் தட்டை வைக்கச் சொன்னார் காண்ட்ராக்டர். கிடங்குக்கும் அவர் வீட்டுக்கும் இரண்டு தெருதான். மத்தியானம் அவர் மனைவி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து அவர் குரல் கேட்டிருக்கிறது. மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், வாய் மூடியிருக்கிறது, குரல் தெருவில் வருகிறது. அந்த அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"நீ கீறியா, இல்ல போய்ட்டியான்னு தொட்டுப் பாத்தேம்மா" என்று என் வீட்டில் வந்து அழுதார். "அவரு எங்கியோ பாத்துக்கினு குந்திக்கினு கீறாரு. அங்க ஐலசா வர்றப்ப எல்லாம் இங்க கையி இறுகுது."

என் வீட்டுக்காரி அன்று சொன்னாள், அந்தத் தட்டை உடைத்துப்போட்டுவிடு என்று. பொம்பளை பேச்சு என்று விட்டேன்.

கடைசி பாய்லர்தான் பெரியது. அதற்கு இருபது பேரும் தேவைப்பட்டார்கள். மரக்கிடங்கில் மிச்சமிருந்த வேலையை அண்ணாத்தே வெளி ஆள் நாலு பேரை வைத்து முடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மழை. தொழிற்சாலைக்குள் போகிற பாதை சேறும் சகதியுமாகக் கிடந்தது. நான் காண்ட்ராக்டரிடம், "அண்ணாத்தே வரட்டுமே, நாளைக்கு இழுக்கலாமே" என்று சொன்னேனா? சொல்லவில்லை. தோன்றவே இல்லை. தட்டு இருக்கும்போது ஆள் எதற்கு?

இழுப்பு ஆரம்பித்து மூன்றோ நாலோ போயிருக்கும், அவர் வந்தார். கிடங்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம், நடந்தே வந்திருந்தார். வடம் ஆட்களின் தோளில் இருந்தது. குழாய் பாடிக்கொண்டிருந்தது. ஒரே தொண்டை என்பது அவர் போட்ட சட்டம்தான். அதனால் வாயைத் திறக்காமல் வந்து, வழக்கமாக நிற்கிற கோணத்தில் நின்றார். உதடு மட்டும் குழாயோடு சேர்ந்து அசைந்தது.

நான் கிராமபோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தரை அதிர்ந்தால் ஊசி தாண்டும் என்பதற்காக என் வலது கையை ஊசித் தண்டின் மேலேயே வைத்திருந்தேன். இதை நான் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொள்ள வேண்டியவன்.

பதினோராவது அடி. ஏழுமலை உருளையைச் சொருகப் போனான். உருளை சேற்றில் புதைந்து சாய்ந்துகொண்டது. அவன் இடது கையை உள்ளே விட்டு அதை நிமிர்த்தினான். குழாயில் மாப்பிள்ளைப் பாட்டு முடிந்தது. குழாயில் ஏழுமலை சிரித்தான்.

அவருடைய உதடு நின்றது. இறுக்கி மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. இருபது வருஷமாக எதைச் செய்து இருபது பேரை நிறுத்தினாரோ அதைத்தான் செய்தார். தன் குரலைத் தானே கேட்டு மலைத்துப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன். அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

"ஏலே..." என்றது குழாய்.

ஏழுமலை அலறினான். முன்னால் இருந்தவர்களுக்கு அது சத்தம்தான். சத்தம் கேட்டால் இழுக்க வேண்டும். பன்னிரண்டாவது அடி ஆரம்பித்தது. அவர் இன்னும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என் கை புரிந்துகொள்ளவில்லை. அடுத்த "ஏலே"யும் போன பிறகுதான் ஊசியைத் தூக்கினேன்.

பதினோராவது இழுப்பில் விரல்கள் போயின. பன்னிரண்டாவதில் மணிக்கட்டுவரைக்கும் போனது.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். "நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே பாய்? ஊசிய எடுக்கக் கூடாதா?" பேட்டரி வயர் கழலுகிற மாதிரி இருந்தது, சரிசெய்யப் போயிருந்தேன், பெட்டிக்குப் பக்கத்திலேயே இல்லை என்று சொன்னேன். காண்ட்ராக்டருக்கும் அதுதான் சொன்னேன், விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கும் அதுதான். அண்ணாத்தே அங்கேதான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். எதுவும் சொல்லவில்லை.

நெட்டுக்குப்பத்துப் பெண் வீட்டார் பின்வாங்கவில்லை. கல்யாணம் ஆறு மாதம் தள்ளி நடந்தது. நான் காசு வாங்காமல் குழாய் கட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குழாய் வேண்டாம் என்று பதில் வந்தது.

அவர் அதற்குப் பிறகு எந்தச் சுமைக்கும் பாடவில்லை. கூட்டம் சிதறிவிட்டது. கல்யாணமும் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்கிற நேரம், வாசலில் நின்றார். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அத்த வை பாய்."

எதை என்று கேட்கவில்லை. உடைக்காமல்தான் வைத்திருந்தேன். எடுத்துப் போட்டேன். அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார். மாப்பிள்ளைப் பாட்டு வந்தது. ஏழுமலையின் சிரிப்பு வந்தது. அவர் உதட்டை இறுக்கி மூடினார். "ஏலே" என்றது குழாய்.

"நிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும். நாலாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குண்ணே இது? உடுங்கண்ணே" என்றேன்.

"இன்னிக்காவது நிறுத்துறானான்னு பாக்குறேன்" என்றார்.

பட்டப்பகல். வாசலில் ஜட்கா போய்க்கொண்டிருந்தது, எதிர்க்கடையில் பஜ்ஜி பொரிந்தது. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று முகத்தைப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவன் தேறுவானா மாட்டானா என்று பார்க்கிற கண்தான் அது.

அந்த மாதிரித் தட்டுகள் ரொம்ப நாள் உழைக்காது. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி கொஞ்சம் தின்றுவிடும். வாரம் போகப்போக அவர் குரல் மெலிந்தது, ஆட்களின் ஐலசா இரைச்சலாகிவிட்டது. ஏழுமலையின் சிரிப்பு மட்டும் என்னவோ தேயவே இல்லை. நானும் கேட்க ஆரம்பித்திருந்தேன். அவர் உதட்டை மூடும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்த இடம் வந்தது. அடி முடிந்தது, சிரிப்பு முடிந்தது, பிறகு சும்மா இரைந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இரைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் "ஏலே". தட்டு தேய்ந்தால் சத்தம் குறையும், இடைவெளி நீளாது. தொழில் தெரிந்தவன் நான். என் பிரமை என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இன்னிக்குக் கொஞ்சம் தயங்குனான், இல்ல?" என்றார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. கடைக்குள் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. தட்டை உடைக்கலாம் என்று எடுத்தேன், கை வரவில்லை. உடைத்தால் அவர் வெள்ளிக்கிழமை வந்து என்ன செய்வார்? கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு வேண்டியது ஒரு தடவை நிற்க வேண்டும், அவ்வளவுதானே. நின்றுவிட்டால் மனிதர் எழுந்து வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுப்பார். அந்தப் புண்ணியத்தையாவது நான் கட்டிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு அதற்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்தார், உட்கார்ந்தார். தட்டைப் போட்டேன். தூண் வந்து போனது, மெஷின் வந்து போனது. மாப்பிள்ளை வந்தான். ஏழுமலை சிரித்தான். அவர் உதடு மூடியது. நான் ஊசியைத் தூக்கினேன். பூப்போலத் தூக்கினேன், ஒரு கீறல் சத்தம்கூட வரவில்லை.

குழாய் நின்றுவிட்டது.

அவர் குழாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் எதிர்பார்த்தது எதுவும் அந்த முகத்தில் வரவில்லை. பிறகு கண்ணைத் தாழ்த்தி என் கையைப் பார்த்தார். ஊசித் தண்டு இன்னும் என் விரலில்தான் இருந்தது.

"அவன் நிறுத்தல" என்றார். "நீ நிறுத்தினே."

தட்டு சும்மா சுழன்றுகொண்டிருந்தது.

"உன் கையி அன்னிக்கும் அங்கதானே இருந்துச்சு, பாய்?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தார், எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோல.

"ஆமாண்ணே" என்றேன். "அங்கதான் இருந்துச்சு."